எனக்குப் பொறுப்புச் சொன்னவர்

புதுக்கோட்டையில் எனக்கு ஒரு வீடு கிடைக்க மூன்று மாதம் பிடித்தது. ஊரில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதை நம்பிப் பிழைத்தவர்களில் பலர் திருச்சிக்கும் மெட்ராசுக்கும் கிளம்பிப் போயிருந்தார்கள். கோடு போட்டதுபோல் நேராக ஓடும் அந்த வீதிகளில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடந்தன. எனக்குத்தான் ஒன்றும் அமையவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோரத்து ஊர். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. இதையெல்லாம் வீட்டுக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். முகம் சுளிக்க மாட்டார்கள். தண்ணீர்கூடக் கொடுப்பார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்.

"ஒங்களுக்குப் பொறுப்புச் சொல்ல யாரு இருக்காங்க?"

வாடகை ஒழுங்காக வருமா என்பது மட்டும் அவர்கள் கவலை இல்லை. நான் சர்க்கார் குமாஸ்தா, சம்பளம் தப்பாது என்று அவர்களுக்கே தெரியும். ஒருவன் நல்லவனா கெட்டவனா என்பதை அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அவனைத் தெரிந்த இன்னொருவர் வந்து சொல்ல வேண்டும் என்பது அந்த ஊர் நியாயம். ஊரில் உறவு இருந்தால் உறவு சொல்லும். உறவு இல்லாதவனுக்கு ஊர்க்காரர் ஒருவர். இரண்டும் இல்லாதவன் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் வேலை பார்த்தது பத்திரம் பதிகிற ஆபீசில். கிரயமோ அடமானமோ எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்க நான் கேட்ட கேள்வியும் அதேதான். "ஒங்கள அடையாளம் காட்டுற சாட்சி ரெண்டு பேர் எங்க?" சாட்சி இல்லாதவர்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்புவேன். சாயங்காலம் அதே கேள்வியை ஒரு வீட்டு வாசலில் நின்று நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அதுவரை காப்பிக் கிளப் ஒன்றின் மாடியில், நாலு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில் எனக்கு. மற்ற மூன்று கட்டில்களில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். போர்த்திக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்தவர் விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். அந்த இரண்டு நாளில் என்னிடம் வந்த பேச்சு அது ஒன்றுதான். காய்ச்சல் விட்டு எழுந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. எனக்கென்று ஒரு கதவு வேண்டும். அதை யாராவது வந்து தட்ட வேண்டும்.

எங்கள் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு தூணில் சாய்ந்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அறுபது வயது இருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, அதன் முழங்கையில் ஒட்டு. கையில் குடை. சமஸ்தான காலத்தில் ஏதோ ஒரு கச்சேரியில் எழுத்தராக இருந்தவர். சமஸ்தானத்தோடு அந்தக் கச்சேரியும் போயிற்று. தனிக்கட்டை. மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகளைத் தஞ்சாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். சாட்சிக்கு ஆளில்லாமல் யாராவது தவித்தால் பத்திரம் எழுதுகிறவர் இவரைப் பார்த்துத் தலையை அசைப்பார். இவர் எழுந்து வந்து, அந்த ஆளை ஜென்மத்தில் பார்த்திருக்காவிட்டாலும், 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போடுவார். ஒரு காப்பி, இரண்டு வடை. அது சரியா என்றால் சரியில்லைதான். கண்டும் காணாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

வேறு வழி தெரியாமல் ஒருநாள் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். உடனே தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் குடையைத் தரையில் ஊன்றி யோசித்தார்.

"கையெழுத்தா தம்பி?"

"இல்லீங்க. வாயால சொன்னாப் போதும்."

"அதானே கஷ்டம்," என்றார். "கையெழுத்துன்னா யோசிக்காமப் போட்டுருவேன். ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பேன். ஒருத்தராச்சும் திரும்பி வந்து ஏன் போட்டேன்னு கேட்டதில்ல. வாயால சொல்றது அப்புடியா?"

இருந்தாலும் வந்தார். வீட்டுக்கார அம்மாள் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்து ஆச்சி. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் பினாங்கில் இருந்தான். சொத்துப் பிரிவினையில் ஏதோ மனஸ்தாபமாகி ஆறு வருஷமாகத் தாயும் மகனும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை என்று வீட்டுத் தரகர் ஒருவர் சொல்லியிருந்தார். சொந்த ஊரில் இருந்த பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு ஆச்சி புதுக்கோட்டை வீட்டில் வந்து தங்கியிருந்தார். அது ஒரு வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடியும் வீடு. பின்கட்டில் ஆச்சி, புழக்கம் எல்லாம் பின் வீதி வழியாக. முன்கட்டு வாடகைக்கு. நடுவில் ஒரு கனமான கதவும், இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு கிணறும்.

அந்த நடுக்கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு ஆச்சி பேசினார். எனக்கு அவருடைய வெள்ளைச் சேலையின் ஓரமும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

"எங்களப் பெத்த அப்பச்சி, கடல் தாண்டி அக்கரையில இருந்த கடைக்குப் பையங்கள அனுப்புறப்ப, இந்தப் பையனுக்கு நான் பொறுப்புன்னு ஒருத்தர் சொல்லணும். பெறகு பையன் தப்புப் பண்ணுனா பையன ஒரு வார்த்தை கேக்க மாட்டாக. சொன்ன ஆளத்தான் கூப்பிட்டுக் கேப்பாக. எனக்கும் அதான் பழக்கம். இவருகிட்ட நான் எதுவும் பேச மாட்டேன். கொறைன்னா ஒங்களத்தான் கூப்பிடுவேன். சம்மதமா?"

என்னோடு வந்தவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கக்கத்திலிருந்த குடையை எடுத்துக் கையில் நேராகப் பிடித்தார்.

"சம்மதங்க ஆச்சி. தம்பிக்கு நான் பொறுப்பு."

வெளியே வந்து வீதி முனை திரும்பும்வரை வேகமாக நடந்தார். பிறகு நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க நல்லவருதானே?"

"ஆமாங்க ஐயா."

"சரி," என்று மறுபடி நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளர் அவருக்குத்தான் கொடுத்தேன். அவர் போனபிறகு எனக்கென்று ஒரு கதவு இருந்தது. கதவைத் தட்டத்தான் யாரும் இல்லை. எனக்கு ஊரில் யாரையும் தெரியாது. ஆபீசில் இருந்தவர்கள் ஐந்தடித்ததும் பெண்டாட்டி பிள்ளைகளிடம் போய்விடுவார்கள். ஆச்சி சொன்ன சொல் தவறாதவர், என்னிடம் பேசவே மாட்டார். கிணற்றடியில் நான் நிற்பது தெரிந்தால் நான் போகும்வரை நடுக்கதவு திறக்காது. அவருடைய வேலைக்கார அம்மாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த வழியே போய்விடுவாள். காப்பிக் கிளப்பில் விளக்கை அணைக்கவாவது ஒருவன் அனுமதி கேட்டான். இங்கே நானே போட்டு நானே அணைத்தேன்.

இரண்டாம் மாதம் தண்ணீர் இறைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டாமல் அப்படியே போட்டுவிட்டேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்ட அவசரம். அன்று மத்தியானம் வேலைக்கார அம்மாள் எங்கள் ஆபீஸ் தாழ்வாரத்துக்கு வந்து, பத்துப் பேர் நடுவில், "ஆச்சி ஒங்கள வரச் சொன்னாக," என்றாள். அவர் எழுந்த வேகத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "நாம பொறுப்புச் சொன்ன ஆளு விஷயமாக் கூப்பிடுறாக," என்றார். ஆயிரம் பேருக்குக் கையெழுத்துப் போட்டவரை முதல்முறையாக ஒருவர் கேள்வி கேட்கக் கூப்பிட்டிருந்தார்.

சாயங்காலம் நடுக்கதவருகில் நின்று ஆச்சியிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, முன்கட்டுக்கு வந்து என் கதவைத் தட்டினார்.

"கயிறு தரையில கெடந்தா மண்ணு ஒட்டும், மண்ணு தண்ணில எறங்கும். இனிமே இப்படி நடக்கக் கூடாது, கேட்டுக்கங்க!" என்று பின்கட்டுவரை கேட்கும்படி சொன்னார். நானும் சத்தமாக, "சரிங்க ஐயா," என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "காப்பி கீப்பி போடுவீங்களா?" என்றார்.

ஸ்டவ்வில் போட்டுக் கொடுத்தேன். கஷாயம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். ஒரு மணி நேரம் இருந்தார். தசரா ஊர்வலத்தில் யானைக்கு மதம் பிடித்த கதை, கச்சேரியில் மை தீர்ந்தால் எழுத வேண்டிய ஏழு விண்ணப்பங்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது. நானும் பேசினேன். எங்கள் ஊர்க் கடலைப் பற்றி, அம்மா கடைசியாகப் படுத்துக் கிடந்ததைப் பற்றி. எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது.

பிறகு இரண்டு மாதம் நான் ஒழுக்கத்தின் சிகரமாக இருந்தேன். கயிறு சுருட்டியபடி, வாசல் துடைத்தபடி. அவர் வரவில்லை. தினமும் ஆபீசில் பார்க்கத்தான் பார்த்தோம். ஆனால் அங்கே நான் கம்பிக்கு உள்ளே இருக்கும் குமாஸ்தா, அவர் வெளியே இருக்கும் சாட்சி. சிரித்துப் பேசினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டு பேரும் தெரியாதவர்கள்போல் இருப்போம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தண்ணீர் இறைத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினேன். சுருட்டியதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதைக் கலைத்துத் தரையில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அது எனக்கு ஒரு கலையாகிவிட்டது. ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஆச்சிக்குக் கோபம் முற்றிவிடும், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். அதனால் ஒன்று செய்தால் இடைவெளி விட்டு வேறொன்று செய்ய வேண்டும். ஈர வேட்டியை வீதிப் பக்க ஜன்னலில் காயப்போட்டேன். அது நல்ல பலன் தந்தது, மறுநாளே வந்தார். ஒருமுறை வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஒட்டடை அடித்தேன், அதற்கும் வந்தார். கிணற்றடியில் சோப்புத் துண்டை விட்டுவிட்டு வந்ததற்கு ஆச்சி ஒன்றும் சொல்லாமல் விட்டபோது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. இதைக்கூடக் கேட்காத ஒரு வீட்டுக்காரியா என்று நினைத்தேன்.

மாதம் ஒருமுறை அவர் வருவார். திட்டு வாங்குவார், சத்தம் போடுவார், காப்பி குடிப்பார். வரவர என் காப்பியும் தேறியது. ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

ஆச்சிக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் வீதிக் கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது. திறந்திருக்க வேண்டும். லட்சுமி வரும் நேரம் என்பார்கள். முதல் நாளே அவர் மூலமாகக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது அது. அதை மட்டும் நான் தொடாமல் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாக அவர் தாழ்வாரத்துக்கே வரவில்லை. அவர் அறை ஒழுகுவதாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. என்ன காரணம் சொல்லிப் போவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் மழைச் சத்தம், ஓட்டிலிருந்து முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தம், அவ்வளவுதான். பதினோராம் நாள் மழை விட்டது. அவரும் தூணடிக்கு வந்துவிட்டார். சின்னத் தப்பு இனி உதவாது, நாளைக்கே அவர் வந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் வீதிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தேன். குளம் ததும்பிக் கிடந்தது. நாளைக்கு அவருக்கு வடை வாங்கி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு மேல்தான் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.

மறுநாள் காலை தபால்காரன் பின் வீதி வழியாக வந்து ஆச்சியிடம் ஒரு தந்தியைக் கொடுத்தான். முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்திலேயே வந்த தந்தி. விலாசம் முன் வீதி. கொண்டு வந்தவன் பூட்டைப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிப் போயிருக்கிறான்.

தந்தி கொடுத்திருந்தது ஆச்சியின் மகன். வேலைக்கார அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று என்னிடம் சொன்னாள். ஏதோ கோர்ட்டு வேலையாக பினாங்கிலிருந்து காரைக்குடிக்கு வந்திருக்கிறான். வந்த நாலு நாளும் தாயைப் பார்க்க வரவில்லை. போகிற அன்று மனசு கேட்கவில்லைபோல. ராத்திரி எட்டு மணி ரயிலில் மெட்ராஸ் போகிறேன், புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு வந்தால் பார்க்கலாம் என்று தந்தியில் இருந்ததாம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வண்டி வைத்தால் கால் மணி நேரம்.

"அந்தப் புள்ள ஸ்டேஷன்ல ரயில விட்டு எறங்கி நின்னு பாத்துட்டுத்தான் போயிருக்கும்," என்றாள் அவள். "ஆத்தா வரலன்னுதானே நெனச்சிருக்கும்?"

அன்று நான் ஆபீசுக்குப் போனேன். பதினோரு மணிக்கு வேலைக்கார அம்மாள் தாழ்வாரத்துக்கு வந்தாள். ஆச்சி வரச் சொன்னதாகச் சொன்னாள். விஷயம் தெரியாத அவர் வழக்கம்போல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். ஜன்னலைத் தாண்டும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எழுந்து ஓடிப்போய், ஐயா போகாதீங்க, நானே வந்து சொல்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. குனிந்து ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் முதன்மையானது அது.

சாயங்காலம் வடை வாங்கி வைத்து, வெந்நீர் போட்டுக் காத்திருந்தேன். அவர் முன்கட்டுக்கு வரவில்லை. ஆச்சி சத்தமே போடவில்லை என்றாள் வேலைக்கார அம்மாள். தந்தியைக் காட்டி, "நீங்க சொன்ன ஆளுதானே?" என்று கேட்டாராம். இவர், "ஆமாங்க ஆச்சி. மறதியாப் பூட்டிட்டுப் போயிருக்காரு. வேணும்னு செய்யிற ஆளு இல்ல. அதுக்கும் நான் பொறுப்பு," என்றாராம். ஆச்சி தந்தியை மடித்துக்கொண்டே, "சரி. இனிமே நீங்க யாருக்கும் பொறுப்புச் சொல்லாதீங்க," என்றாராம். இவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தூணடியில் அவர் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இனிமேல் சாட்சிக் கையெழுத்தே போடுவதில்லை என்று பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்லி அனுப்பிவிட்டாராம். ஆச்சி வீட்டு வாடகைக்குச் சொன்னதை அவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அந்தத் தூணில் வேறு ஒருவர் வந்து சாய்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அறையைத் தேடிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. சுவரெல்லாம் ஈரம். கண்ணாடி போட்டுக்கொண்டு குடைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாயை விரித்தார்.

"ஐயா, கயித்தத் தரையில போட்டதெல்லாம் வேணும்னுதான் போட்டேன்," என்றேன். உட்காரக்கூட இல்லை.

"தெரியும் தம்பி."

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது தடவையே தெரியும். ஆபீசுல பேனாக்கட்டையக் கூட நேரா வக்கிற ஆளு நீங்க." சிரித்தார். "இருந்துட்டுப் போகட்டும், எனக்கும் ஒரு காப்பி ஆச்சேன்னுதான் இருந்தேன்."

"அன்னிக்குக் கதவப் பூட்டுனதும் வேணும்னுதாங்க ஐயா."

தையல் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அது எனக்குத் தெரியாதே," என்றார். "மறதின்னுல்ல ஆச்சிகிட்ட அடிச்சுச் சொன்னேன்? அந்தம்மா பெத்த புள்ளையப் பாக்க முடியாம நிக்கிது, அது மூஞ்சிக்கு நேரா, அதுக்கும் நான் பொறுப்புன்னு சொன்னேனே."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, "எதுக்குத் தம்பி?" என்று கேட்டார்.

"நீங்க வருவீங்கன்னுதான்."

குடையைக் கீழே வைத்தார்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. யார் பொறுப்பு, யார் சொன்னார்கள் என்று மூன்று மாதம் வாசல் வாசலாகக் கேட்டுக் கேட்டு, என் வீட்டுக்கு ஒருவர் வருவதற்கும் ஒரு முகாந்திரம் வேண்டும் என்று நானே நம்பிவிட்டேன். சும்மா வாங்க என்று ஒருவரைக் கூப்பிடலாம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆச்சியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார்.

"வேண்டாம். மறதின்னே இருக்கட்டும். சொன்னா வீடு போயிரும். மறுபடியும் பொறுப்புச் சொல்ல ஒங்களுக்கு ஆளு கெடையாது."

அத்தனைக்கும் பிறகு அவர் கவலைப்பட்டது என் வீட்டுக்காக. பொறுப்பு என்றால் என்ன என்று ஆபீசில் சட்டப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது என்னவென்று அந்த ஈரச் சுவர் அறையில்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வாங்க ஐயா என்று அன்றைக்குக் கூப்பிட்டேன். ஆச்சி வீட்டுப் படியை எந்த முகத்தோடு மிதிப்பது என்றார். அதன் பிறகு நான் மூன்று நாலு தடவை அந்த அறைக்குப் போனேன். காப்பித் தூள் வாங்கிக்கொண்டு போனேன். பிராது இல்லாமல் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மழையைப் பற்றிச் சொல்வோம், குடையைப் பார்ப்போம், நான் எழுந்து வந்துவிடுவேன். தை மாதம் மகள் வந்து அவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சொல்லி அனுப்பினார். அது கிடைத்தபோது பஸ் போயிருந்தது.

ஆச்சி என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. அவருடைய வழக்கப்படி என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பங்குனியில் ஒருநாள் நிஜமாகவே மறந்துபோய்க் கயிற்றைத் தரையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அது சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரும் கூப்பிடப்படவில்லை. யாரும் வரவில்லை. தப்புச் செய்தாலும் கேட்க ஆளில்லாதவன் ஆனேன்.

அதே மாதம் இன்னொரு சாயங்காலம் தலைவலியோடு படுத்திருந்தேன். வீதிக் கதவு சும்மா சாத்தியிருந்தது. நடுக்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, வெளக்கு வக்கிற நேரம். கதவத் தொறந்து வைங்க."

இரண்டரை வருஷத்தில் ஆச்சி என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல்முறை. வேறு யாராவது கேட்டிருந்தால் ஆச்சி மனம் இளகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு அதன் அர்த்தம் தெரியும். எனக்காகத் திட்டு வாங்க நடுவில் இனி யாரும் இல்லை.

எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன். மாற்றலாகி அறந்தாங்கிக்குப் போகும்வரை, இன்னும் ஆறு வருஷம், ஒருநாள் தவறாமல் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தேன். விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, திறந்த கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வீதியில் குடையோடு யாராவது போனால் எழுந்து பார்ப்பேன். தந்திக்காரன் அந்த வழியாக அடிக்கடி சைக்கிளில் போவான். முனையில் திரும்பும்போதே மணியடிப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பின்னால் நடுக்கதவு ஒரு சாண் திறக்கும். சைக்கிள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனபிறகு மெல்ல மூடிக்கொள்ளும். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.